சீசா வேலை

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்ததும்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

அதற்கு முன்பெல்லாம் அவர் படியேறும்போதே வாடை வந்துவிடும். வெயிலில் காய்ந்த வியர்வை, துரு, கூடவே நாக்கில் காசு வைத்தமாதிரி ஒரு நெடி. சட்டை முழுக்கச் சாம்பல் பூத்திருக்கும். வந்ததும் பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். நான் கத்துவேன், இறக்கி விடுங்க, குளிச்சிட்டு தூக்குங்க என்று. அவர் கேட்டதே இல்லை.

அவருக்குக் கூரை வேலை. தொழிற்சாலை, பழைய பங்களா, கோயில் மண்டபம் எதுவானாலும் கூரையும் சுவரும் சேருகிற மூலையில், மழைத்தண்ணீர் இறங்குகிற வாய்க்காலில், கசியாமல் தகடு வளைத்துப் பொருத்துவார். "தகடு வேலை" என்றுதான் சொல்வார். தகடு என்றால் தகரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கத் தோன்றியதில்லை.

நாங்கள் இருப்பது செகந்திராபாத்தில், ரயில்வே ஆட்கள் நிறைய இருக்கிற இடம். மாமனார் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் பூர்வீகமான ஜோலார்பேட்டைக்கே போய்விட்டார். நான் காட்பாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முன்னறையில் மிஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். தையல்காரிக்குத் துணியைப் பார்க்கிற கண் கொஞ்சம் பொல்லாதது. அதுவும் சேர்ந்துகொண்டது.

பழைய சர்ச் ஒன்றின் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடுகிற வேலைக்கு அவர் போக ஆரம்பித்திருந்தார். போன கொஞ்ச நாளிலேயே ஆள் மாறிவிட்டார். சாயங்காலம் தலை ஈரமாக, வாரி, வகிடெடுத்து வந்து நின்றார். எங்கள் வீட்டில் சந்தன சோப்புதான். அவர் மேல் அடித்தது ஆஸ்பத்திரியில் போடுகிற சிவப்பு சோப்பு வாசனை.

"இன்னாங்க இது, எங்க குளிச்சீங்க?"

"சைட்லயே. தண்ணி நல்லா வருது."

"இத்தினி வருஷமா எந்த சைட்லயும் தண்ணி வரலியா?"

"கைக்கு இத்தினி கேள்வி?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் பாதி ஹைதராபாத் பேச்சாகிவிடும், 'எதுக்கு' என்பது 'கைக்கு' ஆகிவிடும்.

அடுத்தது துணி. காலையில் எந்தச் சட்டையில் போனாரோ அதே சட்டையில் சாயங்காலம் வந்தார், ஒரு கறை இல்லாமல். கூரைமேல் ஏறி வேலை செய்கிறவன் சட்டையில் ஒரு சொட்டு அழுக்கு இல்லையென்றால் என்ன அர்த்தம்? வாளி நிறைய ஊறவைத்து அடித்துத் துவைக்கிற வேலை ஒரேயடியாக நின்றுபோனது. வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் காலி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்ணையும் முன்னைப்போலத் தூக்குவதில்லை. அவள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால், "இரு இரு" என்று நகர்ந்துபோய் இன்னொரு தரம் கை கழுவினார். டிபன் பாக்ஸைப் பையோடு வாசலிலேயே வைத்துவிட்டு, அவரே எடுத்துப்போய்த் தேய்த்தார். அதுவரை ஒரு டம்ளர் கழுவியிராத மனுஷன்.

ஒருநாள் இஸ்திரி போடும்போது அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையில் மூன்றாவது பட்டன் கண்ணில் பட்டது. நான் பட்டன் தைத்தால் நாலு ஓட்டையிலும் நூல் குறுக்காகப் போகும், பெருக்கல் குறி மாதிரி. இதில் நூல் இரண்டு கோடாக, நேராகப் போயிருந்தது. அடியில் நூலைச் சுற்றிக் கழுத்துக் கட்டி, முடிச்சை உள்ளே மறைத்து, அவ்வளவு நேர்த்தி. நூலும் என் டப்பாவில் இருக்கிற நீலம் இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள்.

பக்கத்துத் தெருவில் இருக்கிற என் நாத்தனாரிடம் அந்தச் சட்டையை எடுத்துப்போய்க் காட்டினேன். அவள் புருஷன் குடியால் போனவர். அவள் எதையும் வேகமாக முடிவு செய்கிறவள்.

"அண்ணி, எங்கண்ணன் அந்த மாதிரி இல்ல," என்றாள் முதலில். பிறகு பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா வயித்து வலின்னு சொல்றாரு இல்ல? எரிஞ்சு எரிஞ்சு விழறாரு, சொன்னத மறந்துபோறாரு. எங்க வீட்டாளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அது உண்மைதான். ஒரு வருஷத்துக்கும் மேலாகவே அவருக்கு அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறுக்கும். மலச்சிக்கல், பசியில்லை, எதைச் சாப்பிட்டாலும் இரும்பு கடித்தமாதிரி இருக்கிறது என்பார். வேளாவேளைக்குச் சாப்பிடாததுதான் காரணம் என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்துப் பார்த்தேன். குடித்தால் வயிறு கெடும். குடித்தால் மறதி. குடித்த வாடை தெரியாமலிருக்கக் குளித்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வருகிறார். பட்டன் மட்டும் கணக்கில் சேரவில்லை. அதற்கும் ஓர் ஆளை மனசுக்குள்ளேயே தயார் செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பால்கனியில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"ஹவ், ஹவ், ஆமா… சீசாவ எப்பிடி விடறது, அதான் பொழப்பே… வீட்ல சொல்லல. சொன்னா அவ்ளதான்… தெனம் குளிச்சிட்டுதான் வரேன், அதான் தெரியல…"

சீசா! தமிழில் சீசா என்றால் பாட்டில். தெலுங்கிலும் பாட்டில்தான், கீழ் வீட்டு அம்மா எண்ணெய் சீசா என்றுதான் சொல்வார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்? மிஷினை மூடிவைத்தேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு காட்பாடிக்குப் போய்விடுவது என்று அன்றைக்கே பாதி முடிவு செய்துவிட்டேன். ஆனால் சண்டை போட்டால் மறுப்பார். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அந்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் மூட்டையைக் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். மூட்டையைக் கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்டோ பிடித்து அந்தச் சர்ச் வாசலில் போய் இறங்கினேன்.

உயரமான மதில். உள்ளே வேப்பமரம், கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாயில் சாரம். கேட்டில் வெள்ளை மீசை வைத்த வாட்ச்மேன் மறித்தார்.

"கோன் ஹோனா அம்மா?"

யார் வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். சாப்பிடப் போகிற நேரம், இருங்கள் என்றார். நான் இருக்கவில்லை. அவர் பின்னால் கூப்பிடக் கூப்பிடப் போய், மரத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

சாரத்திலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் மேலே இருந்து கால்வரை மூடின உடுப்பு, மூக்கில் பன்றி மூஞ்சி மாதிரி முகமூடி, கையில் உறை. முதலில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை, நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தார்ப்பாய் போட்டு நடுவில் தடுத்த ஒரு கொட்டகை. ஒரு பக்கமாக உள்ளே போனார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கமாகச் சட்டை பேன்ட்டில், ஈரத்தலையோடு வெளியே வந்தார்கள். அதற்கப்புறம்தான் டிபன் பாக்ஸ் இருக்கிற பக்கம் போனார்கள். அந்தப் பக்கம் அழுக்கு உடுப்பில் ஓர் ஆள் தெரியாமல் எட்டிப் பார்த்ததற்கு மற்றவர்கள் சத்தம் போட்டுத் துரத்தினார்கள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய், "சீசா எங்க?" என்று கேட்டேன்.

"இன்னா?"

"ஃபோன்ல பேசினீங்களே. விட முடியாத சீசா. அது எங்க?"

அவர் கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினார்.

கூரைச் சரிவு இரண்டும் சேருகிற பள்ளத்தில் மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு தகடு நீளமாக ஓடியது. பாதி பிரித்திருந்தது. "அதுதான். இங்க எல்லாரும் ஹிந்தில சீசான்னு சொல்வாங்க. ஈயம்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தும் கோபம் குறையவில்லை. "ஈயத்துல வேல செய்றதுக்கு எதுக்கு ஒளிக்கணும்? ஈயச் சொம்புல நான் ரசம் வெக்கல?"

"அது வேற ஈயம், இது வேற," என்று ஒரு குரல் கேட்டது. வேலையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் அம்மா. தலையில் மஞ்சள் தொப்பி, முப்பத்தைந்து வயசு இருக்கும். சென்னையிலிருந்து வந்தவங்க, பேச்சிலேயே தெரிந்தது. "சொம்பு வெள்ளீயம். இது காரீயம். நீங்க அவரோட வைஃபா? நீங்களே வந்துட்டீங்களா! கூட்டிட்டு வாங்கன்னு எத்தன வாட்டி சொல்றது இவர்கிட்ட?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

நாற்காலி போட்டு உட்காரவைத்து அந்த அம்மாதான் சொன்னாங்க. இந்த வேலை ஆரம்பிக்கும் முன்னால் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ரத்தத்தில் ஈயம் ரொம்ப அதிகமாக இருந்திருக்கிறது. அது இங்கே வந்து ஏறியதல்ல. இதற்கு முன்னால் பாலாநகர்ப் பக்கம் கூரை வாய்க்காலுக்கெல்லாம் ஈயத் தகடு போட்ட வேலையில் ஏறியது. அங்கே முகமூடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. பழைய தகட்டைப் பிரித்து, அடியில் பூத்திருக்கிற வெள்ளைப் பொடியைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டிவிட்டு, அதே கையில் பீடி, அதே கையில் சோறு.

"புதுத் தகட்டத் தொட்டா ஒண்ணும் ஆகிடாது. கையில ஒட்டிக்கிட்டு வாய்க்குப் போறதும், அந்தப் பொடி மூச்சுல போறதும், உருக்கும்போது வர்ற புகையும்தான் ஆபத்து. அதனால பொடியத் தண்ணி தெளிச்சுத்தான் எடுக்கறோம். உடுப்பு இங்கயே இருக்கும், இங்கயே துவைக்கறோம். குளிக்காம யாரும் கேட்ட தாண்டக் கூடாது."

"அப்ப முன்னாடி போட்ட துணியெல்லாம்?" என்று கேட்டேன்.

அந்த அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாங்க. "அத யார் துவைச்சாங்க?"

"நான்தான்."

"குழந்தை இருக்கா வீட்ல?"

"ஆறு வயசு. பொண்ணு."

அதற்குத்தான் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம். என்னையும் பெண்ணையும் டெஸ்ட் செய்ய வேண்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது சீக்கிரம் ஏறும், மூளையைப் பாதிக்கும். இதை மூன்று வாரமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மூன்று வாரமாகக் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"வீட்ல ஈயத் துண்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

எழுந்து என் வீட்டுக்காரரோடு கேட்டுக்கு வரும்போது வாட்ச்மேனைப் பார்த்தேன். வந்த கோபத்தில் அதையும் கேட்டுவிட்டேன். "இவர் சட்டைக்குப் பட்டன் யார் தைச்சது?" என் ஹிந்தி அரைகுறை, சட்டையைத் தொட்டுக் காட்டித்தான் கேட்டேன். அந்தப் பெரியவர் மார்பைத் தட்டிக்கொண்டார். பழைய மிலிட்டரிக்காரராம். சட்டை மாட்டுகிற ஆணியில் பட்டன் பிய்ந்துவிட்டது, அவர்தான் ஊசி வாங்கித் தைத்தாராம். நன்றாக இல்லையா என்று வேறு கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சில்லு ஞாபகம் வந்தது.

பாண்டி ஆடுகிற சில்லு. இங்கே தொக்குடு பில்லா என்பார்கள். ஓட்டுச் சில்லைப் போட்டால் துள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடுகிறது என்று பெண் அழுததற்கு, அவளுடைய அப்பா வேலையிலிருந்து வெட்டி மிஞ்சிய தகட்டுத் துண்டை வட்டமாகத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். கனமாக இருக்கும். போட்ட இடத்தில் பொத்தென்று உட்காரும். தெருவில் அவளை யாராலும் ஜெயிக்க முடியாது. பென்சில் டப்பாவில்தான் வைத்திருப்பாள். போடுவதற்கு முன்னால் உதட்டில் வைத்து முத்தம் கொடுப்பாள், ராசிக்காக.

இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி அவள் ஸ்கூலுக்கு ஓடினேன். உடம்பு சரியில்லாத பாட்டியைப் பார்க்கப் போகணும் என்று பொய் சொல்லி அவளை வெளியே கூட்டிவந்து, கேட்டுக்குப் பக்கத்திலேயே பையைத் திறந்தேன். சில்லை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டதும் அவள் கத்த ஆரம்பித்தாள். தமிழில் என்ன சொன்னாலும் அவளுக்குப் புரியும், ஆனால் தெலுங்கில்தான் சண்டை போடுவாள்.

"அதி நாதி! நான்ன இச்சாடு! இவ்வு!" அது என்னுடையது, அப்பா கொடுத்தது, கொடு என்று.

"அப்பா குடுத்ததுதான். அதுல விஷம் இருக்கு கண்ணு."

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான்ன நாக்கு விஷம் இச்சாடா?" என்றாள். அப்பா எனக்கு விஷமா கொடுத்தார்? அப்பாவுக்குத் தெரியாது என்றேன். கொடுத்தபோது தெரியாது, அது நிஜம். மூன்று வாரமாகத் தெரியும், அதுவும் நிஜம்.

வீட்டுக்கு வந்து அவளுக்குக் கை கழுவிவிட்டேன், திரும்பவும் கழுவிவிட்டேன். பிறகு அவள் படுக்கையைப் பார்த்தேன். அவளுடைய மெத்தைமேல் விரித்திருந்தது நான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. கிழிந்த துணியை வீணாக்கக் கூடாது என்று அவருடைய பழைய வேலைப் பேன்ட், சட்டையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தது. தெருவில் எல்லோரும் பாராட்டின போர்வை. தலையணைக்குள் அடைத்திருந்ததும் அதே துணியின் வெட்டுத்துண்டுகள்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வரும்போது போர்வை, தலையணை, கட்டிலுக்கடியில் கிடந்த அவருடைய பழைய சாமான் பை, சில்லு எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பைகளில் கட்டி மொட்டைமாடியில் வைத்திருந்தேன். பெண் நாத்தனார் வீட்டில் இருந்தாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா பொண்ண தூக்கிக்கினு ஊருக்குப் போயிடுவ," என்றார்.

"போயிருப்பேன்."

"அதான்."

"அதான் இல்ல. நீங்க சொல்லாததாலதான் போக இருந்தேன். குடிக்கறீங்கன்னு நெனச்சேன். வேற யாரோன்னும் நெனச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்படியே நெனச்சிருக்கலாம்," என்றார். "இது அத விட மோசம். அவள தெனம் தோள்ல தூக்கினேன் இல்ல?" மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாளே மூன்று பேரும் போய் ரத்தம் கொடுத்தோம். முடிவு வர நாளாயிற்று. அதுவரை வீட்டில் எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். ஜன்னல் விளிம்பில் படிந்த தூசு, மிஷினுக்கு அடியில் பஞ்சு, பெண்ணின் நகக்கண். விளக்குமாற்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன், துடைத்த துணியையும் எறிந்தேன். ஈயச் சொம்பைக்கூட விடவில்லை. இன்ஜினியர் அம்மா அது வேற ஈயம் என்று சொல்லியிருந்தாலும், அதை விற்ற கடைக்காரன் எதைக் கலந்தான் என்று யாருக்குத் தெரியும்? மேல் தட்டில் கவிழ்த்துவைத்தேன். ரசம் ஸ்டீல் பாத்திரத்துக்கு மாறியது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, மொதல்ல எங்கண்ணன சந்தேகப்பட்டீங்க, இப்ப சொம்பையா?" என்றாள்.

ரிப்போர்ட் வந்தது. அவருக்கு முன்னால் எடுத்தபோது இருந்த அளவேதான். எனக்குக் கொஞ்சம். பெண்ணுக்கு இருக்கக்கூடாத அளவு இருந்தது, ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவு இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. குறைத்து எழுதியிருப்பார்களோ, மாற்றி எழுதியிருப்பார்களோ என்று வேறொரு லேபுக்குக் கூட்டிப்போனேன். பெண் கையை நீட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அங்கேயும் ஏறக்குறைய அதேதான்.

டாக்டர் பொறுமையானவர். மருந்து எதுவும் வேண்டாம், வருகிற வழியை அடைத்துவிட்டால் தானாக இறங்கும் என்றார். காலி வயிற்றோடு விடக்கூடாது, பால், கீரை, கேழ்வரகு கொடுங்கள், சாப்பிடும் முன்னால் கை கழுவுவது முக்கியம், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். "படிப்பு, விளையாட்டு எல்லாம் கவனித்துக்கொண்டிருங்கள்," என்றார். ஆகவில்லை என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். இன்றைக்கும் அவள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், மற்ற குழந்தைகளும்தான் தப்பாகப் போடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாடியில் கட்டிவைத்த மூட்டைகளைக் குப்பைவண்டியில் போட மனசு வரவில்லை. யாராவது பிரித்து அந்தப் போர்வையை எடுத்துப்போய்த் தங்கள் குழந்தைக்குப் போட்டுவிட்டால்? இன்ஜினியர் அம்மாவுக்கு ஃபோன் செய்து கேட்டேன். சைட்டில் ஈயக் குப்பைக்குத் தனியாக மூடிபோட்ட டிரம் இருக்கிறது, அதில் சேர்த்து அனுப்பிவிடலாம் என்றாங்க. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரம்முக்குள் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அவரை அந்த அம்மா வேலையை விட்டு நிறுத்தவில்லை. ரத்தம் சரியாகிறவரை ஈயத்தைத் தொடாத வேலைக்கு மாற்றினாங்க, கீழே மரச்சட்டம் அறுப்பது, ஓடு தரம் பிரிப்பது என்று. அதையும் நான் நம்பவில்லை. கண்ணில் படாமல் மேலே ஏற்றுகிறார்களோ என்று, யூனிஃபார்ம் கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். கீழேதான் இருந்தார், மரத்தூளுக்கு நடுவில். வாட்ச்மேன் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் கேட்டைத் திறந்துவிட்டுச் சல்யூட் வைப்பார்.

வயிற்று வலி மெல்லக் குறைந்தது. இட்லிக்கு ருசி தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். பெண்ணுக்கு அடுத்த டெஸ்ட்டில் இறங்கியிருந்தது, அதற்கடுத்ததில் இன்னும். அவருக்கும் இறங்கியது, ஆனால் ரொம்ப மெதுவாக. எலும்பில் போய் உட்கார்ந்ததெல்லாம் வெளியே வர வருஷக்கணக்காகும் என்றார் டாக்டர். பிறகு அவரை மறுபடி மேலே ஏற்றினார்கள், முகமூடியோடு. கடைசிப் பள்ளத்தில் தகட்டை மரக் கொட்டாப்புளியால் தட்டிப் படியவைத்தது அவர்தான். மழைக்காலம் வந்தது. சர்ச் ஒழுகவில்லை என்றார்கள்.

அந்த வேலை முடிந்ததும் ஒரு கான்ட்ராக்டர் வீடு தேடி வந்தார். பாலாநகரில் ஒரு தொழிற்சாலை, பழைய கூரை வாய்க்காலைப் பிரித்துப் புதுசு போட வேண்டும், ஈயத்தில் கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். நான் டீ கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன்.

"எங்க குளிப்பாங்க?" என்றேன்.

"எங்கம்மா?"

"வேல முடிஞ்சு. சாப்பிடற எடம் எங்க? துணி மாத்தற எடம்? முகமூடி நீங்க குடுப்பீங்களா?"

கான்ட்ராக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரரு வேலைக்கு வர்றாரா, இல்ல மாப்பிள்ளையா வர்றாராம்மா?"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அவ கேக்கறதுக்குச் சொல்லுங்க பாய்," என்றார்.

எல்லாம் செய்துவைக்கிறேன், குழாய் போடச் சொல்லியாயிற்று, வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வார்த்தைக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன். நாங்கள் நிஜமாகவே போனோம், இரண்டு பேரும், பஸ் மாறி. தொழிற்சாலைக் காம்பவுண்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை புதிதாகப் போட்டிருந்தார்கள். சுவரில் பளபளவென்று குழாய் இருந்தது. கீழே ஒரு சோப்புக்கட்டிகூட வைத்திருந்தார்கள், உறை பிரிக்காமல்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் போய்க் குழாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பைப்பே இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெறும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நக்கோ," என்றார். "வேணாம். வா, போலாம்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நல்ல வெயில். அடுத்த வாரத்திலிருந்து ஒரு கிடங்குக்குச் சாதாரணத் தகரக் கூரை போடுகிற வேலை இருக்கிறது, அதற்குப் போகிறேன் என்றார். அதில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று கேட்டேன். வழி முழுக்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.